அகல டயருக்கு எவ்வளவு காற்று?

பெட்ரோல் பங்க்கில் காற்றுக் குழாயோடு நிற்கும் பையன் கேட்பது ஒரே கேள்விதான். "எவ்ளோ சார்?"

கார் வைத்திருப்பவர் யோசிக்காமல் 32 என்பார். குட்டி யானை ஓட்டுபவர் அதைவிட இரண்டு மடங்கு எண்ணைச் சொல்வார். இரண்டு பேருக்குமே தங்கள் வண்டியின் எண் மனப்பாடம். பதில் தெரியாமல் விழிப்பவர் ஒருவர் இருக்கிறார். கம்பெனி கொடுத்த டயரைக் கழற்றிவிட்டு, அதைவிட அகலமான டயரை ஆசையாக மாட்டிக்கொண்ட பிக்கப் வண்டிக்காரர் அவர். பழைய எண் புது டயருக்குப் பொருந்துமா? கூட்ட வேண்டுமா, குறைக்க வேண்டுமா? கேட்டால் பத்துப் பேர் பத்து எண் சொல்வார்கள். பத்தையும் உறுதியாகச் சொல்வார்கள் என்பதுதான் வேடிக்கை.

திருவான்மியூர் தாண்டி கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் இரண்டு வகைப் பிக்கப்புகளைப் பார்க்கலாம். விடியற்காலையில் ஓடுபவை உழைக்கும் வண்டிகள். மஹிந்திரா பொலேரோ, ஒசூரில் தயாராகும் அசோக் லேலண்ட் தோஸ்த், டாடா ஏஸ். மீன், ஐஸ், தண்ணீர் கேன், பந்தல் கம்பு எல்லாம் இவற்றில்தான் போகும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் கண்ணில் படுபவை வேறு ஜாதி. முன்னால் ஐந்து பேர் உட்கார, பின்னால் திறந்த தொட்டியோடு நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் இசுஸூ வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் வகையறா. வி-கிராஸ் 2016ல் வந்தது. தயாராவது நம் எல்லையைத் தாண்டியதும் வரும் ஆந்திராவின் ஸ்ரீசிட்டியில். ஹைலக்ஸ் 2022ல் வந்தது. இந்த இரண்டாவது ரகத்தை வாங்கியவர்களில் பலருக்கு முதல் செலவே டயர்தான். வண்டி இன்னும் கொஞ்சம் மிரட்டலாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான் காரணம். அதை யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 'கிரிப்புக்காக' என்பார்கள்.

பாலவாக்கம் பக்கம் ஒரு டயர் கடையில் சனிக்கிழமை சாயங்காலம் நடக்கக்கூடிய பேச்சு இது. மறுநாள் விடியற்காலை வேளாங்கண்ணிப் பயணம். அம்மா, அத்தை, தங்கை, மாமா, ஓட்டுவது மாப்பிள்ளை. பின்தொட்டியில் பெட்டிகள், அடுப்பு, பாத்திரம், தண்ணீர் கேன்கள். வண்டியில் அன்றுதான் புது அகல டயர் ஏறியிருக்கிறது.

"மாப்ளே, அம்பது வெச்சுடு. லோடு ஏறுதுல்ல?" என்கிறார் மாமா. காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றிவரும் பிக்கப்பில் அவருக்கு இருபது வருஷப் பழக்கம்.

"நீங்க வேற மாமா. அம்பது வெச்சா அத்தைக்கு இடுப்பு போயிடும். இது அகல டயர். இருபத்திரெண்டு போதும். மெத்துமெத்துன்னு போவும்."

கடைக்காரர் சிரிக்கிறார். "தம்பி, டயர்ல என்ன எழுதியிருக்குன்னு பாத்தீங்களா?"

"பாத்தேனே. 265."

"அது இல்ல தம்பி. அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் எழுதியிருக்கு பாருங்க."

இரண்டு பேர் சொன்னதும் சரியில்லை. ஆனால் ஒன்று அசௌகரியம், இன்னொன்று ஆபத்து. எது எது என்று பார்ப்பதற்கு முன்னால் டயர் என்ன வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம்.

வண்டியைத் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே இருக்கும் காற்று. ரப்பரும் நூலும் கம்பியும் அந்தக் காற்றை அடைத்து வைக்கும் பை மட்டுமே. (எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் தொடக்கம் 1946ல் திருவொற்றியூர்க் கொட்டகை ஒன்றில் செய்த பொம்மை பலூன்தான் என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொண்டால் தப்பில்லை.) ஒரு சக்கரத்தின் மேல் 600 கிலோ இறங்குகிறது, காற்று 30 பி.எஸ்.ஐ. என்று வைத்துக்கொள்வோம். 30 பி.எஸ்.ஐ. என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.1 கிலோ. 600ஐ அதால் வகுத்தால் ஏறக்குறைய 285 சதுர சென்டிமீட்டர். ரோட்டைத் தொடும் இடம் அவ்வளவுதான். ஏ4 தாளில் பாதிகூட இல்லை. இரண்டு டன்னுக்கு மேல் உள்ள வண்டி, அதற்குள் ஐந்து உயிர், எல்லாம் ஓடுவது இரண்டு ஏ4 தாளுக்கும் குறைவான இடத்தின் மேல்.

இப்போது அகல டயரை மாட்டி, அதே 30 வைத்தால் என்ன ஆகும்? ரோட்டைத் தொடும் ரப்பர் கூடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். எடையும் அதே, காற்றும் அதே என்றால் பரப்பளவும் கிட்டத்தட்ட அதேதான். டயரின் விறைப்பு கொஞ்சம் கணக்கை மாற்றும், பெரிதாக மாற்றாது. மாறுவது வடிவம். முன்பு நீளவாக்கில் இருந்த தடம் இப்போது அகலவாக்கில் குட்டையாக இருக்கும். வளைவில் திரும்பும்போது அது நல்லது. மழைத் தண்ணீரில் அது அவ்வளவு நல்லதல்ல. அதற்குப் பிறகு வரலாம்.

அகல டயரில் நிஜமாகவே கூடுவது உள்ளே இருக்கும் காற்றின் அளவு. பெரிய பை, அதனால் அதே எடையைக் கொஞ்சம் குறைந்த அழுத்தத்தில் தாங்கும். மாப்பிள்ளை கேள்விப்பட்ட 'அகல டயருக்குக் காத்து கம்மி' என்ற வாக்கு இங்கிருந்துதான் வருகிறது. பாதி உண்மை. எவ்வளவு கம்மி, எந்த டயருக்குக் கம்மி என்பதுதான் மீதிப் பாதி.

அதைத் தெரிந்துகொள்ள இரண்டு இடங்களைப் படிக்க வேண்டும். ஒன்று, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கர். முன் டயருக்கு இவ்வளவு, பின் டயருக்கு இவ்வளவு, லோடு ஏற்றினால் இவ்வளவு என்று அதில் இருக்கும். அந்த எண் வண்டி தொழிற்சாலையை விட்டு வந்தபோது இருந்த டயருக்கானது. டயரை மாற்றியதும் அது நேரடி விடையாக இல்லாமல் போகிறது. ஆனாலும் அதைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். கணக்கே அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இரண்டாவது, டயரின் பக்கவாட்டு எழுத்து. அங்கே அதிகபட்சம் என்று போட்டு ஒரு பி.எஸ்.ஐ. எண் இருக்கும். 'டயர்லயே எழுதியிருக்கு, அதையே வை' என்று பலர் அதைப் பிடித்துக்கொள்கிறார்கள். அது எல்லைக்கல். தெர்மாமீட்டரில் 42 டிகிரி வரை கோடு போட்டிருக்கிறது என்பதற்காக உடம்புச் சூட்டை அங்கே கொண்டுபோக முடியாது.

நமக்கு வேண்டியது வேறொன்று. அளவுக்குப் பக்கத்திலேயே ஒரு எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். 107 டி, 112 எஸ் என்பது மாதிரி. எழுத்து, வேக எல்லை. எண், எடைக் குறியீடு. உலகம் முழுக்க அதற்கு ஒரே அட்டவணைதான். 107 என்றால் 975 கிலோ. 111 என்றால் 1,090. 112 என்றால் 1,120. 121 என்றால் 1,450. ஒரு டயர் தாங்கக்கூடிய உச்ச எடை இது. எந்தக் காற்றில் என்பதுதான் சூட்சுமம். சாதாரண கார் ரக டயர் அந்த உச்சத்தை 35, 36 பி.எஸ்.ஐ.யிலேயே தொட்டுவிடும். அளவுக்கு முன்னால் 'எல்.டி.' என்று எழுதியிருந்தால் அது லைட் டிரக் டயர். தடித்த உடம்பு. அது அதே உச்சத்தைத் தொட 50, 65, சிலவற்றில் 80 பி.எஸ்.ஐ. வரை கேட்கும்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்த்தால் விளங்கிவிடும். பழைய டயர் 245/70 ஆர்16, குறியீடு 107, ஸ்டிக்கரில் 30 என்று வைத்துக்கொள்வோம். 30ல் அந்த டயர் சுமார் 840 கிலோ தாங்கும். வண்டி செய்தவர்கள் இவ்வளவு தாங்கும் சக்தி வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். புது டயரும் குறைந்தது அந்த 840 கிலோவைத் தாங்கியாக வேண்டும். புது டயர் 265/70 ஆர்16, கார் ரகம், குறியீடு 112 என்றால் கணக்குப்படி 25, 26லேயே 840 கிலோ வந்துவிடும். அதே 265/70 ஆர்16, ஆனால் எல்.டி. ரகம், குறியீடு 121, உச்சம் 80 பி.எஸ்.ஐ. என்றால்? அதே 840 கிலோவுக்குச் சுமார் 37 வேண்டும்.

அகலமும் உயரமும் ரிம்மும் அதேதான். ஒன்றுக்கு 26, இன்னொன்றுக்கு 37. அகல டயருக்குக் காற்றைக் கூட்டவா குறைக்கவா என்ற கேள்விக்கு டயர் கடை வாசலில் பத்துப் பதில் வருவதற்கு இதுதான் காரணம். ஒவ்வொருவரும் அவரவர் டயரை வைத்துப் பேசுகிறார்கள்.

சரி, வேளாங்கண்ணி வண்டிக்கு வருவோம். மாப்பிள்ளை மாட்டியிருப்பது எல்.டி. டயர். பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும் டயர்களில் பெரும்பாலானவை அந்த ரகம்தான். பெட்டி, பாத்திரம், ஆட்கள் எல்லாம் ஏறியபின் பின் டயர் ஒவ்வொன்றின் மேலும் 750 கிலோ இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 22 பி.எஸ்.ஐ.யில் அந்த டயர் 600 கிலோவைக்கூடத் தாங்காது. எல்.டி. டயர்களின் எடை அட்டவணைகள் பலவும் 35லிருந்துதான் தொடங்குகின்றன. 22 என்ற கட்டமே அவற்றில் கிடையாது. தாங்காது என்றால் அங்கேயே உட்கார்ந்துவிடும் என்று பொருளல்ல. உட்கார்ந்தால் பிழைத்தோம். ஒன்றும் ஆகாத மாதிரி, சொன்ன மாதிரியே மெத்துமெத்தென்று ஓடும். அங்கேதான் அபாயம்.

இந்த அளவு டயர் ஒரு கிலோமீட்டருக்கு நானூறு தடவைக்கு மேல் உருள்கிறது. ஒவ்வோர் உருளலிலும் அடிப்பக்கம் நசுங்கி, மேலே போனதும் விரிகிறது. கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் அந்த இடம் சுடுமே, அதே கதைதான். காற்று குறைந்தால் நசுங்கல் அதிகம், சூடும் அதிகம். வேளாங்கண்ணி வரை முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். ஒரு லட்சத்துக்கும் அதிகமான நசுங்கல்கள். கூடவே பின்தொட்டி எடை, மே மாத வெயில், கொதிக்கும் தார். உள்ளே ரப்பரும் கம்பிப் பின்னலும் ஒட்டியிருக்கும் இடம் மெல்ல விட்டுக்கொடுக்க ஆரம்பிக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. வெடிக்கும்போதுதான் தெரியும். அது பெரும்பாலும் வேகத்தில்தான் வெடிக்கும்.

இது பயமுறுத்தும் பேச்சல்ல. 2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் ஓடும்போதே டயரின் மேல்பட்டை உரிந்து, வண்டி உருண்டு, 200க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்த விவகாரம் அது. டயர் செய்ததில் கோளாறு என்று கார் கம்பெனி சொன்னது. வண்டியின் அமைப்பும், காற்றைக் குறைவாக வைக்கச் சொன்னதும் காரணம் என்று டயர் கம்பெனி சொன்னது. ஃபோர்டு பரிந்துரைத்திருந்தது 26. ஃபயர்ஸ்டோன் கேட்டது 30. வெறும் நான்கு பி.எஸ்.ஐ.யைப் பற்றிய அந்தச் சண்டை அமெரிக்க நாடாளுமன்றம் வரை போனது. அதே ஆண்டு வந்த சட்டத்தின் தொடர்ச்சியாகத்தான் காற்று குறைந்தால் டேஷ்போர்டில் விளக்கு எரியும் வசதி அங்கே புது வண்டிகளுக்குக் கட்டாயமானது. நம் ஊரில் இன்று பல கார்களில் எரியும் அந்த மஞ்சள் விளக்குக்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது.

மாமா சொன்ன 50? அந்த எல்.டி. டயருக்கு 50ல் ஆபத்தில்லை, உச்சம் 80 ஆயிற்றே. ஆனால் டயர் உப்பி, நடுப்பகுதி மட்டும் ரோட்டில் நிற்கும். பட்டன் நடுவில் சீக்கிரம் தேயும். பின்பக்கம் காலியாக இருக்கும்போது ஒவ்வொரு வேகத்தடைக்கும் வண்டி குதிக்கும். ஈரத்தில் பிரேக் போட்டால் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். அத்தையின் இடுப்பைப் பற்றி மாப்பிள்ளை சொன்னதும் சரிதான். கார் ரக டயருக்கு 50 என்பதோ எல்லைக்கல்லை ஒட்டியே போய்விடும், சிலவற்றில் தாண்டியும்விடும். மாமாவின் மீன் வண்டிக்கு அது சரியான எண்ணாக இருந்திருக்கலாம். சரக்குப் பிக்கப்புகளின் பின் டயருக்கு அறுபதைத் தாண்டிய எண்கள்கூடச் சகஜம். வண்டியோடு சேர்ந்ததுதான் எண்; மாமாவோடு வருவதல்ல.

அந்தப் பயணத்துக்கு முன்னால் 37, பின்னால் 40 என்ற அளவில் வைத்துக் கிளம்புவது நியாயமாக இருக்கும். கார் ரக டயராக இருந்திருந்தால்? கணக்கு 26 என்று சொன்னாலும் ஸ்டிக்கரில் இருக்கும் 30க்குக் கீழே அதிகம் போகாமல் இருப்பதே புத்திசாலித்தனம். காலி வண்டிக்கு இரண்டு குறைக்கலாம். லோடு ஏறினால் ஸ்டிக்கர் சொல்கிறபடியே. கணக்கில் கிடைத்த மிச்சத்தைச் சூட்டுக்கும் குண்டுகுழிக்கும் விட்டுவைப்பது நல்லது.

உங்கள் வண்டியில் எந்தச் சக்கரத்தின் மேல் எவ்வளவு இறங்குகிறது என்று யூகிக்கவும் வேண்டியதில்லை. ஊருக்கு ஊர் எடைமேடை இருக்கிறது. முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு, பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு சீட்டு. காலியாக ஒரு முறை, வழக்கமாக ஏற்றும் சாமானோடு ஒரு முறை. வந்த எடையை இரண்டால் வகுத்தால் ஒரு டயரின் பங்கு. டயர் நிறுவனத்தின் டீலரிடம் அளவையும் குறியீட்டையும் சொல்லிக் கேட்டால் அந்த எடைக்கான காற்று எண்ணை அட்டவணையைப் பார்த்துச் சொல்ல முடியும். காலிக்கு ஒன்று, லோடுக்கு ஒன்று என இரண்டு எண்களை ஒரு துண்டுத்தாளில் எழுதி டீசல் மூடியின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். பங்க் பையன் கேட்கும்போது அதைப் பார்த்துச் சொன்னால் போதும்.

எண்ணைக் கண்டுபிடித்தபின் சரிபார்க்க ஒரு பழைய வித்தை இருக்கிறது. சமதளமான காய்ந்த ரோட்டில், டயரின் பட்டன் மேல் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை சாக்பீஸால் பட்டையாகக் கோடு போடுங்கள். வளைக்காமல் நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு இறங்கிப் பாருங்கள். கோடு முழுவதும் ஒரே மாதிரி அழிந்திருந்தால் சரி. நடுவில் மட்டும் அழிந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் அழிந்து நடுவில் மிச்சமிருந்தால் குறைவு. வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த வேலை ரொம்பப் பிடிக்கும். ஆனால் இதை மட்டுமே நம்பிவிடக் கூடாது. காலி பிக்கப்பின் பின் டயரில் எடையே இருக்காது. சாக்பீஸ் 'இன்னும் குறை, இன்னும் குறை' என்று சொல்லிக்கொண்டே போகும். தடம் எப்படி விழுகிறது என்பதுதான் சாக்பீஸுக்குத் தெரியும். உள்ளே ஏறும் சூடு தெரியாது.

சூட்டுக்கு ஆஸ்திரேலியக் காட்டுப்பாதைக்காரர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து குறித்துக்கொள்வது. ஒரு மணி நேரம் ஓடியபின் மறுபடி அளப்பது. நான்கு பி.எஸ்.ஐ. போல ஏறியிருந்தால் சரி. எல்.டி. டயரில் ஆறு வரை போகலாம். அதற்கு மேல் ஏறினால் டயர் அளவுக்கு மீறிச் சுடுகிறது, கிளம்பும்போது வைத்த காற்று குறைவு என்று அர்த்தம். இங்கே பலர் நேர்மாறாகச் செய்கிறார்கள். மகாபலிபுரத்தில் டீக்கு நிறுத்தி, காற்று ஏறியிருக்கிறதே என்று பயந்து 'புஸ்' என்று இறக்கிவிடுகிறார்கள். சூடான டயரில் காற்றை இறக்கவே கூடாது. குளிர்ந்ததும் அது இன்னும் குறைந்து போயிருக்கும்.

ஆகையால் அளப்பது எப்போதும் குளிர்ந்த டயரில். வண்டி நின்று மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், அல்லது இரண்டு கிலோமீட்டருக்குள்தான் ஓடியிருக்க வேண்டும். தட்பவெப்பம் ஏறக்குறைய ஆறு டிகிரி மாறினால் காற்று ஒரு பி.எஸ்.ஐ. மாறும். மே மாத மத்தியானத்தில் வெயிலில் நின்ற வண்டிக்கு வைத்த 37, மார்கழி விடியற்காலையில் 34க்கும் கீழே போயிருக்கும். சில நூறு ரூபாய்க்குக் கையில் அடங்கும் கேஜ் கிடைக்கிறது. வாங்கி வண்டியில் போட்டுக்கொண்டால் பங்க் மீட்டரோடு சண்டை போட வேண்டியதில்லை. நைட்ரஜன் நிரப்பலாமா என்று கேட்பவர்களுக்கு ஒரு சேதி: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். அதற்குக் கொடுக்கும் காசை கேஜுக்குக் கொடுக்கலாம்.

மழைக்கு வருவோம் என்று சொன்னோமே. ஐப்பசி, கார்த்திகையில் கிழக்குக் கடற்கரைச் சாலையின் ஓரங்களில் தண்ணீர் தேங்குவது தெரிந்த விஷயம். வேகமாகப் போகும் டயர் தண்ணீரை ஒதுக்கித் தள்ள முடியாமல் அதன் மேலேயே ஏறி மிதந்துவிடும். ஸ்டியரிங் சட்டென்று லேசாகிவிடும், பிரேக்கும் வேலை செய்யாது. 1960களில் விமான டயர்களை வைத்து நாசா செய்த ஆய்வில் எந்த வேகத்தில் மிதக்கும் என்பது காற்றழுத்தத்தைப் பொறுத்தது என்று கண்டார்கள். அந்தச் சூத்திரத்தைப் போட்டால், பட்டன் தேய்ந்த மொட்டை டயர் 36 பி.எஸ்.ஐ.யில் மணிக்கு 100 கிலோமீட்டர் அளவில் மிதக்கும். 25ல் 83லேயே மிதக்கும். அகல டயரின் தடம் குட்டையாகவும் அகலமாகவும் இருப்பதால் அது இன்னும் சுலபமாக மிதக்கப் பார்க்கும். அகல டயர் போட்டு, காற்றையும் குறைத்துக்கொண்டு மழையில் பறப்பது இரண்டு பக்கமும் நஷ்டம்.

மணலுக்குக் குறைக்கலாமா? பாலைவனத்தில் 18 வரை இறக்கி ஓட்டுவார்கள், உண்மை. தடம் நீண்டு வண்டி புதையாது. ஆனால் அதைப் பாலவாக்கம் கடற்கரையில் பரிசோதிக்க வேண்டாம். ஜனவரியிலிருந்து பங்குனி ஆமைகள் இந்த மணலில் ஏறி முட்டையிடுகின்றன. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவெல்லாம் நடந்து அந்த முட்டைகளைச் சேகரித்துக் காப்பாற்ற மாணவர் அமைப்பு ஒன்று 1980களின் கடைசியிலிருந்து உழைத்துவருகிறது. அவர்கள் கண்ணில் படாமல் ஒரு குழி மிச்சமிருந்தால், அதன் மேல் இரண்டு டன் வண்டி ஏறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வேறெங்காவது மணலில் காற்றை இறக்கினாலும், தார் ரோட்டில் ஏறுமுன் திரும்ப ஏற்றிக்கொள்ள கையடக்க கம்ப்ரஸர் வேண்டும். அடுத்த பங்க் வரை அப்படியே போய்விடலாம் என்பது பலருடைய டயரைத் தின்ற வாக்கியம்.

காற்றால் சரிசெய்ய முடியாத சில விஷயங்களும் உண்டு. ஒவ்வொரு டயருக்கும் இத்தனை அங்குல ரிம்மிலிருந்து இத்தனை அங்குலம் வரை என்று ஒரு வரம்பு இருக்கிறது. 265/70 ஆர்16க்குப் பொதுவாக 7லிருந்து 9 அங்குலம். 7 அங்குல ரிம்மில் அது ஓரளவு சரி. அதே ரிம்மில் 285ஐத் திணித்தால் டயர் இடுப்பில் கயிறு கட்டிய மாதிரி குறுகி, நடுவில் முதுகு வளைந்து நிற்கும். அப்புறம் எந்தக் காற்று வைத்தாலும் நடுப்பகுதிதான் தேயும். உயரமும் மாறும். 245லிருந்து 265க்குப் போகும்போது டயர் ஏறக்குறைய 28 மில்லிமீட்டர் உயர்கிறது; மீட்டர் 100 காட்டும்போது வண்டி முன்பைவிட மூன்றரை சதவீதத்துக்கு மேல் வேகமாகப் போகும். தவிர, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு வண்டியின் அமைப்பை மாற்றுவது பற்றிக் கண்டிப்பாகப் பேசுகிறது. உங்கள் மாடலின் வேறு ரகங்களுக்குக் கம்பெனியே கொடுக்கும் அளவுக்குள் நின்றுகொண்டு, இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் சொல்லிவிடுவது நல்லது. மட்கார்டைத் தாண்டி வெளியே துருத்தும் டயரைப் போலீஸ்காரர் பார்க்காவிட்டாலும் பக்கத்தில் வரும் ஸ்கூட்டர்காரரின் மேல் தெறிக்கும் சேறு பார்த்துவிடும்.

நான்கு டயரையும் மாற்றி, எண்ணையும் கண்டுபிடித்து, சாக்பீஸ் கோடும் போட்டு முடித்தவர்களில் பெரும்பாலானோர் மறந்துபோவது வண்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னியை. அது இன்னமும் பழைய 245ஆகத்தான் இருக்கும். மாதக்கணக்கில் யாரும் தொடாததால் காற்று பாதியாகியிருக்கும். ஒரு சக்கரம் மட்டும் 28 மில்லிமீட்டர் குட்டையாக இருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். அதோடு நால்சக்கர டிரைவைப் போட்டால் அச்சில் இருக்கும் பற்சக்கரங்கள் வலிக்கும். அதனால் அதை மாட்டினால் பின்பக்கமாக மாட்டாமல் முன்பக்கம் மாட்டுவதும், நால்சக்கர டிரைவைத் தொடாமல் மெதுவாக அடுத்த பஞ்சர் கடை வரை மட்டும் போவதும் உத்தமம். ஐந்தாவதாக ஒரு புது டயர் வாங்க மனம் வரவில்லை என்றால், குறைந்தபட்சம் இன்றைக்கே குனிந்து அதன் வால்வு மூடியைக் கழற்றி எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். அதற்கு மட்டும் கதவு ஸ்டிக்கரில் இருக்கும் பழைய எண்ணே போதும். லோடு ஏற்றினால் என்று போட்டிருக்கும் பின் டயர் எண்ணை வைத்துவிட்டால், தேவைப்படும்போது குறைத்துக்கொள்ளலாம். நடுரோட்டில் கூட்டத்தான் முடியாது.